பரஸ்தானம் வைத்த ட்ரக்

1

எங்கள் பகுதித் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் மலர் போன வாரம் வந்தது. குளிர்காலத்தில் எலெக்ட்ரிக் ட்ரக்கில் நியூ ஜெர்சியிலிருந்து டெக்சாஸ் வரை போவது எப்படி என்று அதில் என் கணவர் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். எங்கே நிறுத்த வேண்டும், எவ்வளவு சார்ஜ் ஏறியதும் கழற்றிக்கொண்டு கிளம்ப வேண்டும், ஹீட்டரைக் குறைத்துவிட்டு சீட்டை மட்டும் சூடாக்கிக்கொள்வது ஏன் நல்லது, எல்லாம் இருக்கிறது. படமும் போட்டிருக்கிறார்கள். வர்ஜீனியாவில் ஏதோ ஒரு சார்ஜர் பக்கத்தில் மப்ளர் சுற்றிக்கொண்டு, ட்ரக்கின் மேல் கை வைத்தபடி நிற்கிறார். கடைசிப் பத்தியை "மகளின் திருமணத்துக்கு இனிதே சென்று சேர்ந்தோம்" என்று முடித்திருக்கிறார்.

சேர்ந்தோம் என்பதும் பொய், இனிதே என்பதும் பொய். இதைப் படித்துவிட்டு பிரிட்ஜ்வாட்டர் கோயிலில் மூன்று பேர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "அங்கிள் சூப்பரா எழுதியிருக்கார் ஆன்ட்டி, உங்களுக்குக் குடுத்து வெச்சிருக்கு" என்றாள் ஒரு பெண். கையில் புளியோதரைத் தொன்னை இருந்ததால் தப்பித்தாள்.

அங்கே ஈரோட்டிலும் கோபியிலும் எங்கள் சொந்தபந்தங்கள் அந்தக் கட்டுரையை வாட்ஸப்பில் ஆளுக்கு ஆள் அனுப்பிக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் எழுத்தாளர் இல்லை. மருந்து கம்பெனி ஒன்றின் லேபில் மாத்திரைகளைச் சோதிக்கிற வேலை எனக்கு. மாத்திரை அட்டையில் போட்டிருப்பதுதான் உள்ளேயும் இருக்கிறதா என்று பார்ப்பேன். இல்லையென்றால் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன்.

2

முதலில் ட்ரக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஊரில் நீங்கள் நினைக்கிற லாரி இல்லை. முன்னால் கார் மாதிரி நான்கு பேர் உட்காரலாம், பின்னால் சாமான் ஏற்ற மூடி போட்ட தொட்டி. பண்ணை வைத்திருப்பவர்கள் வைக்கோல் ஏற்றுவதற்காக வந்த வண்டி. என் கணவர் தனபால் கம்ப்யூட்டரைத் தவிர எதையும் தூக்கியதில்லை. ஆனாலும் பெட்ரோலில் ஓடாத இந்த யானை அவருக்கு வேண்டியிருந்தது. அது வந்த நாளிலிருந்து கராஜில் என் துணி காயவைக்கும் கொடிக்கு இடமில்லை.

அதற்கு சார்ஜர் மாட்டுவதற்கு டவுன்ஷிப்பில் பெர்மிட் வாங்கவேண்டும் என்றார்கள். வாங்கினோம். எச்.ஓ.ஏ என்று எங்கள் குடியிருப்புக்கு ஒரு சங்கம் இருக்கிறது. எங்கள் வீட்டுக் கதவுக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று அவர்கள்தான் சொல்வார்கள். கேபிள் வெளியே தெரிந்தால் அக்கம்பக்கத்தின் அழகு கெடும் என்று அவர்கள் கடிதம் போட்டார்கள். மார்ச் வரை அழுக்குப் பனியும் சேறுமாகக் கிடக்கிற ஊரில் என்ன அழகோ தெரியவில்லை. இவர் விடவில்லை. இரவு பகலாக விதிமுறைகளைப் படித்து, பதில் எழுதி, சண்டை போட்டு ஜெயித்தார். மகளுக்காக ஒரு நாளும் பள்ளிக்கூடத்தில் போய் இப்படிச் சண்டை போட்டதில்லை என்பதை இங்கே சொல்லித்தான் ஆகவேண்டும்.

எலெக்ட்ரிக் வண்டி வைத்திருக்கும் தமிழர்களுக்கு இவர் ஒரு வாட்ஸப் குழு நடத்துகிறார். குளிர் வந்தால் குழுவில் இவர் உபதேசம் தொடங்கிவிடும். குளிரில் பேட்டரி சீக்கிரம் தீரும், ஏறவும் நேரமாகும். ஆகவே ராத்திரியில் ப்ளக் போடாமல் வண்டியை வெளியில் விடக்கூடாது. கிளம்புவதற்கு முன்னால், ப்ளக்கில் இருக்கும்போதே வண்டியைச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். இதை மீறியவர்களை இவர் திட்டிய திட்டு சாதாரணமானது இல்லை. வெஸ்ட் வின்ட்சரில் ஒரு பையன் ஒரு ராத்திரி மறந்துபோய் வெளியில் நிறுத்திவிட்டான். "கைக்குழந்தையக் கொண்டுபோயி பனியில படுக்க வெப்பியா?" என்று அவனுக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டார். அந்தப் பையன் குழுவை விட்டே போய்விட்டான்.

3

காவ்யா எங்கள் ஒரே மகள். ஹூஸ்டனில் ஒரு மருத்துவமனையில் ஃபிசியோதெரபிஸ்டாக இருக்கிறாள். இங்கேயே பிறந்தவள். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள், சமயத்தில் இரண்டையும் கலந்து. போன நவம்பர் கடைசியில் தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தபோது பிரவீன் என்று ஒரு பையனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னாள். பிரவீன் ஹூஸ்டனில் பிறந்தவன், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அவன் அம்மா மலர்விழி நர்ஸ் வேலைக்காக இங்கே வந்தவர்.

தமிழ்க் குடும்பம் என்றதும் இவர் முகம் மலர்ந்தது. மலர்ந்த முகத்தோடுதான் கேட்டார்.

"எந்த ஊராம்?"

"விழுப்புரம் பக்கத்துல ஏதோ வில்லேஜ்ப்பா."

"சரி, ஊருக்குள்ள எங்க?"

"ஐ டோன்ட் நோ. ஆன்ட்டிகிட்ட கேட்டுச் சொல்றேன்."

அந்தக் கேள்வி எதைக் கேட்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவளுக்குத் தெரியவில்லை. விலாசம் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். மறுநாள் காலையில் தோசைக்கு உட்கார்ந்தபோது சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"அப்பா, ஆன்ட்டிகிட்ட கேட்டேன். அவங்க காலனியாம். லைக் அஸ்! நியூ ஜெர்சியும் காலனிதானே? ஒன் ஆஃப் தி தேர்ட்டீன்!"

வெள்ளைக்காரன் பிடித்து வைத்திருந்த பதின்மூன்று காலனிகளைப் பற்றி ஐந்தாம் வகுப்பில் அட்டையில் படம் ஒட்டிக் கொண்டுபோனவள் அவள். அந்த அட்டைக்குப் பசை தடவியது நான்தான். நம் பக்கத்தில் ஊர் வேறு, காலனி வேறு என்பதை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நல்ல வேளை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

இவர் தோசையைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்தார். கையைத் துடைத்துக்கொண்டு கராஜுக்குப் போனார். நான் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். ட்ரக் ப்ளக்கில்தான் இருந்தது. அதைக் கழற்றினார், மறுபடி மாட்டினார். கழற்றினார், மாட்டினார்.

காவ்யா ஊருக்குப் போன பிறகு என்னிடம் சொன்னார். "வெள்ளக்காரனா இருந்திருந்தாக்கூட ஊர்ல ஏதோ ஒண்ணு சொல்லிச் சமாளிச்சுருக்கலாம் சுமதி."

இது இவர் ஒருவர் சொல்வது இல்லை. எங்கள் வட்டத்தில் வெள்ளைக்கார மருமகன்கள் மூன்று பேர் இருக்கிறார்கள். பட்டு வேட்டி கட்டிவிட்டு, மேளம் வைத்து, ஊரில் இருந்து பெரியவர்களை வரவழைத்து நடந்த கல்யாணங்கள் அவை. மாப்பிள்ளை கையால் சாப்பிடுகிறார் என்று வீடியோ எடுத்து அனுப்பினார்கள். விழுப்புரத்துக்காரன் என்றால் மட்டும் ஊருக்குள் எங்கே என்று கேட்பார்கள்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. இந்த மனிதர் ஆபீசில் எல்லோரையும் சமமாக நடத்துவது பற்றிப் புதிதாகச் சேர்பவர்களுக்கு வகுப்பு எடுக்கிறார். ஸ்லைடு எல்லாம் இவரே போட்டது. ஒரு முறை கடை வாசலில் எவனோ ஒருவன் "உன் நாட்டுக்குப் போ" என்று கத்திவிட்டான். இவருக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. மனிதனை மனிதனாக மதிக்கத் தெரியாத நாடு என்று புலம்பித் தீர்த்தார். குடியுரிமை வாங்கிவிட்டார், ஓட்டும் போடுகிறார். அந்தக் கேள்வியை மட்டும் பெட்டியில் பத்திரமாக மடித்து வைத்துக் கூடவே கொண்டுவந்திருக்கிறார்.

4

காவ்யா யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. பிரவீனுக்குப் பள்ளி விடுமுறை என்பதால் டிசம்பர் கடைசி வாரத்தில் ஒரு புதன்கிழமை, காலை பத்து மணிக்கு, ஹூஸ்டன் கோர்ட்டில் கல்யாணம் என்று நாள் குறித்துவிட்டாள். டெக்சாஸில் முதலில் போய் லைசென்ஸ் வாங்கவேண்டுமாம், பிறகு மூன்று நாள் காத்திருக்க வேண்டுமாம். "அதுக்குள்ள மனசு மாறினா?" என்று இவர் என்னிடம் கேட்டார். "யாருக்கு?" என்று நான் திருப்பிக் கேட்டேன்.

ஈரோட்டில் இருக்கும் இவருடைய அக்காவுக்கு மார்கழியில் கல்யாணம் என்பதே பெரிய அதிர்ச்சி. "மார்கழில எவனாச்சும் தாலி கட்டுவானா தம்பி?" என்று போனில் அரற்றினார். மாப்பிள்ளை எந்த ஊர் என்று கேட்டதற்கு இவர் "ஹூஸ்டன்காரங்கதாங்க்கா" என்று சொல்லி வைத்திருந்தார்.

டிசம்பர் தொடக்கத்தில் ஒரு நாள், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று சொன்னார். "நாம ட்ரக்கிலயே போயிரலாம். ஃப்ளைட்ல சீர் கொண்டு போக முடியாது."

சீர் என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. மனது இளகிவிட்டது என்றே நினைத்தேன். என் கல்யாணத்துக்கு என் வீட்டில் கொடுத்த குத்துவிளக்கு, பித்தளை அண்டா, தாம்பாளங்கள் எல்லாவற்றையும் புளி போட்டுத் துலக்கினேன். மூன்று நாள் வண்டியில் உட்கார்ந்தால் இடுப்பு போய்விடும்தான், போகட்டும் என்று இருந்தேன்.

அன்றிலிருந்து சாப்பாட்டு மேசை அவருடையது. கிட்டத்தட்ட ஆயிரத்து அறுநூறு மைல். பென்சில்வேனியா, வர்ஜீனியா, டென்னசி, அலபாமா, லூசியானா என்று ஒவ்வொரு மாநிலத்திலும் எங்கே நிறுத்துவது, எந்த சார்ஜர் மலைமேட்டுக்கு முன்னால் வருகிறது, எதிர்க்காற்று அடித்தால் எது மாற்று, எல்லாம் கணக்குப் போட்டார். குழுவில் இருந்தவர்கள் கும்மியடித்தார்கள். டென்னசியில் இந்த இடத்தில் கழிப்பறை சுத்தமாக இருக்கும் என்றார் ஒருவர். சப்பாத்தியை விட இட்லிதான் நல்லது, குளிரில் விறைக்காது என்றார் இன்னொருவர். கல்யாணத்துக்கு ஒருவரும் வாழ்த்துச் சொல்லவில்லை. மகளுக்குக் கல்யாணம் என்று இவர் குழுவில் சொல்லவே இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

"வெள்ளிக்கிழமையே கெளம்பிரலாமுங்களே? ஒரு நாள் கையில இருக்கட்டும்" என்றேன்.

"சனிக்கெழமையும் ஆபீஸ் வேல இருக்கு, லீவு ஞாயித்துக்கெழமைல இருந்துதான். செவ்வாக்கெழம சாயந்தரம் ஹூஸ்டன். தாராளமாப் போதும்."

பிறகு அக்கா மறுபடி கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை மேற்கே சூலம், அந்தத் திசையில் பயணம் ஆகாது என்றார். நாங்கள் போவது தென்மேற்கு. தினசரி காலண்டரில் சூலத்துக்குக் கீழேயே பரிகாரமும் போட்டிருக்கும், மேற்கு என்றால் வெல்லம். "ஒரு துண்டு வெல்லத்த வாயில போட்டுட்டுக் கெளம்பினாத் தீந்துது" என்றேன் நான். இவர் கேட்கவில்லை. பரஸ்தானம் வைத்துவிடலாம் என்றார்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். கிளம்பும் நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்பே நல்ல நேரம் பார்த்துப் பயணப் பை ஒன்றைக் கொண்டுபோய் வேறு வீட்டில் வைத்துவிடுவார்கள். பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. மறுநாள் அந்த வழியாகப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். அதற்குப் பெயர் பரஸ்தானம்.

ஒரு பை போதும். இவர் ட்ரக்கையே வைக்கிறேன் என்றார். சனிக்கிழமை மாலை சீர், பெட்டி, பழம், வெற்றிலை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு, பிஸ்கட்டவேயில் இருக்கும் அவர் நண்பர் மூர்த்தி வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனார். மூர்த்தி தன் காரில் இவரைத் திரும்பக் கொண்டுவந்து விடுவதாக ஏற்பாடு.

அவர் போயிருந்த நேரத்தில் காவ்யா கூப்பிட்டாள்.

"அம்மா, அப்பா நெஜமா வராரா?"

"சீரெல்லாம் ஏத்திக்கிட்டுப் போயிட்டாரு கண்ணு. நாளைக்குக் காலைல கெளம்பறோம்."

"அம்மா, ஐ நோ வாட் காலனி மீன்ஸ். பிரவீன் அன்னிக்கே சொல்லிட்டான்" என்றாள்.

"தெரிஞ்சும் ஏன் கண்ணு எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு வெயிட் பண்ணேன்." அவள் குரலில் கோபம் இல்லை. "சீர் எல்லாம் வேணாம்மா. பத்து மணிக்கு அப்பா அங்க நிக்கணும். பிரவீனோட அம்மா முன்னாடி. ஜஸ்ட் ஸ்டாண்ட் தேர். அது போதும்."

இவர் திரும்பி வந்ததும் அப்படியே சொன்னேன். பத்து மணிக்கு நீங்கள் அங்கே நிற்கவேண்டும், அது ஒன்றுதான் உங்கள் மகள் கேட்கிறாள் என்றேன். காலனி விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. "அதுக்குத்தான போறோம்?" என்று சொல்லிவிட்டு சாக்ஸைக் கழற்றினார்.

5

அன்று ராத்திரி அடித்த குளிரை அந்தப் பருவத்திலேயே நாங்கள் பார்த்திருக்கவில்லை. காலையில் மூர்த்தி மறுபடி வந்து எங்களைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனார். வாசலில் ட்ரக் வெள்ளையாக உறைந்து நின்றது. கைப்பிடி ஒட்டிக்கொண்டு திறக்கவில்லை. மூர்த்தியின் மனைவி விஜயா வெந்நீரோடு ஓடிவந்தாள். "வெந்நீர் ஊத்தாதீங்க, கண்ணாடி விரிஞ்சுரும்" என்று நிதானமாகச் சொல்லிவிட்டு, இவர் பொறுமையாகத் தட்டித் தட்டித் திறந்தார்.

உள்ளே கதகதப்பாக இருந்தது. வெற்றிலையும் பழமும் கருகிவிடக் கூடாதென்று ராத்திரி முழுக்க ஹீட்டரை ஓடவிட்டிருந்தாராம். மூர்த்தி வீட்டில் சார்ஜர் கிடையாது. ப்ளக் இல்லாமல் நின்றபடி பேட்டரி பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது.

இவர் கத்தப்போகிறார் என்று காத்திருந்தேன். ஒரு சதவீதம் கூடுதலாகச் செலவானால் ஸ்டியரிங்கைக் குத்துகிற மனிதர். போனை எடுத்து ஏதோ தட்டினார். "முதல்ல இங்க சார்ஜ் ஏத்தணும். பேட்டரி விறைச்சுக் கெடக்கு, மெதுவாத்தான் ஏறும். அப்பறம் வர்ஜீனியா மலையில ராத்திரி ஓட்ட முடியாது, ஐஸ் இருக்கும். முன்னாடியே தங்கிக்கணும். புதன்கெழம மத்தியானம் போயிரலாம்" என்றார்.

"கல்யாணம் பத்து மணிக்குங்க."

"அதுக்கென்ன பண்றது? லஞ்சுக்குப் போயிரலாம். சீரையும் குடுத்துட்டு வந்துரலாம்."

அவர் முகத்தைப் பார்த்தேன். வருத்தமே இல்லை. பல நாளாகத் தூக்கிக்கொண்டிருந்த பாரத்தை இறக்கி வைத்தவர் மாதிரி இருந்தார்.

அப்போதுதான் எனக்கு என் பெரியப்பா நினைவுக்கு வந்தார். எங்கள் பக்கத்தில் பிடிக்காத கல்யாணத்துக்குப் போகாமல் இருப்பதில்லை. போகவில்லை என்றால் பகை. போவார்கள், தாலி கட்டி முடிந்த பிறகு போவார்கள். என் பெரியப்பா மண்டபத்துக்கு எதிரிலிருக்கும் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு கெட்டிமேளம் அடங்கட்டும் என்று பார்த்திருப்பார். அடங்கியதும் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, பஸ் லேட்டாகிவிட்டது என்று சொல்லியபடி உள்ளே போவார். சாப்பிடுவார், வந்துவிடுவார். யாரும் ஒன்றும் கேட்க முடியாது. எதற்காக லேட் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

மூர்த்தியும் விஜயாவும் நிற்கிறார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை. கேட்டுவிட்டேன்.

"வெளியில ப்ளக் போடாம நிறுத்தக் கூடாதுன்னு ஊருக்கெல்லாம் சொன்ன ஆளு நீங்க. தெரியாமயா விட்டீங்க?"

"வெத்தல கருகிருமேன்னு..."

"வெத்தலையக் கையில எடுத்துக்கிட்டு வந்திருக்கலாம். வெல்லத்துல தீர்ற சூலத்துக்கு வண்டியக் கொண்டாந்து நிறுத்துனீங்க. எங்கூடப் பேசறப்ப எம் மூஞ்சியப் பாத்துப் பேசுங்க."

மூர்த்தி வீட்டுக்குள் போய்விட்டார். விஜயா போகவில்லை.

இவர் வண்டியின் மேல் படிந்திருந்த பனியை விரலால் சுரண்டிக்கொண்டே பேசினார். "நான் நேரத்துக்குப் போயி நின்னா நானே முன்ன நின்னு கட்டிக்குடுத்த மாதிரி ஆயிரும் சுமதி. நாளைக்கு அக்கா கேட்டா, பங்காளிக கேட்டா, என்னன்னு சொல்லுவேன்? லேட்டாப் போனா, நான் போறதுக்குள்ள முடிஞ்சு போச்சு, நான் என்ன பண்றதுன்னு சொல்லிக்கலாம்."

"காவ்யாகிட்ட என்ன சொல்லுவீங்க?"

"வண்டி லேட்டாயிருச்சும்பேன். அவளுக்கு இதெல்லாம் என்ன புரியப் போவுது?"

"அவளுக்குக் காலனின்னா என்னன்னு தெரியும். அன்னிக்கே தெரியும்."

சுரண்டுவது நின்றது. சரி, இத்தோடு மனிதர் இறங்கி வருவார் என்று நினைத்தேன். "நெவார்க்ல இருந்து ஹூஸ்டனுக்கு இன்னிக்கே ஃப்ளைட் இருக்கு. வாங்க, ரெண்டு பேரும் போயிரலாம். வண்டி இங்கயே கெடக்கட்டும்" என்றேன்.

அவர் ட்ரக்கைப் பார்த்தார். "அப்ப சீரு?"

அவ்வளவுதான். நான் தொட்டியின் மூடியைத் திறந்து என் பெட்டியை மட்டும் இறக்கினேன்.

விஜயாதான் என்னை ஏர்போர்ட்டில் கொண்டுபோய் விட்டாள். இறக்கிவிடும்போது சொன்னாள். "பாவம் சுமதி அவரு. அவரு நெலமையயும் கொஞ்சம் யோசிச்சுப் பாக்கணுமில்ல?" கார்க் கதவைச் சாத்தினேன். கொஞ்சம் பலமாகவே சாத்தினேன்.

6

ஹூஸ்டனில் ஸ்வெட்டர் தேவைப்படவில்லை. காவ்யா ஏர்போர்ட்டுக்கு வந்திருந்தாள். நான் தனியாக வருவதைப் பார்த்ததும் என் பின்னால் ஒரு முறை பார்த்தாள். பிறகு பெட்டியை வாங்கிக்கொண்டாள். மூன்று நாளும் அவள் அப்பாவைப் பற்றிக் கேட்கவில்லை. எனக்கும் வாய் வரவில்லை. தினமும் போனில் ட்ரக் எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். செவ்வாய் இரவு அது லூசியானாவில் நின்றது. இவர் கட்டுரையில் எழுதியிருக்கிறாரே, அருமையான விடுதி என்று, அதுதான்.

புதன்கிழமை கோர்ட்டில் வரிசை. பட்டுப்புடவையில் நாங்கள், ஜீன்ஸில் ஒரு ஜோடி, கைக்குழந்தையோடு ஒரு ஜோடி. மலர்விழி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். என் வயதுதான் இருக்கும். வாடாமல்லி நிறத்தில் பட்டு, கையில் ஒரே ஒரு முழம் மல்லிகை. அதில் பாதியைக் கிள்ளி என் தலையில் வைத்தார்.

"சம்பந்தி வரலீங்களா?" என்று கேட்டார்.

வாயில் பதில் தயாராக இருந்தது. குளிர், பேட்டரி, மலையில் ஐஸ். அத்தனையும் நிஜம், யாரும் குறை சொல்லமுடியாது. அவரும் என்னை மாதிரி அங்கே பிறந்து வளர்ந்தவர். லேட்டாக வருகிறவர்களை நான் டீக்கடைப் பக்கமிருந்து பார்த்திருக்கிறேன் என்றால், அவர் மண்டபத்துக்குள்ளிருந்து பார்த்திருப்பார்.

"வண்டிக்கு ஒண்ணுமில்லீங்க. அவருக்குத்தான் நேரத்துக்கு வர மனசில்ல" என்றேன்.

"தெரியுங்க. நாப்பது வருஷமா தெரியும்" என்றார். பிறகு என் முந்தானை தரையில் கிடந்ததை எடுத்து மடியில் வைத்தார்.

இந்த நாட்டில் நம் பிள்ளைகளுக்கு அப்பா பெயர்தான் குடும்பப் பெயர். உள்ளேயிருந்து ஒரு பெண் வந்து, கையிலிருந்த தாளைப் பார்த்து, "தனபால்?" என்று உரக்கக் கூப்பிட்டாள். ஒரு நொடி நான் வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டேன். காவ்யா எழுந்து உள்ளே போனாள்.

நீதிபதி நல்ல மாதிரி. ஐந்து நிமிஷத்தில் முடித்துவிட்டார். தாலியை மலர்விழி எடுத்துக் கொடுத்தார், பிரவீன் கட்டினான். நாத்தனார் முடிச்சுப் போட ஆள் இல்லை, நானே போட்டேன். அது முறையா என்று என்னைக் கேட்காதீர்கள்.

மதியச் சாப்பாடு ஒரு தமிழ் ஹோட்டலின் பின்கட்டில். முப்பது பேர்தான். சாம்பார் முடிந்து ரசம் வந்துகொண்டிருந்தபோது ஜன்னல் வழியாக ட்ரக் வந்து நிற்பதைப் பார்த்தேன். காவ்யாவும் பார்த்தாள். கையைக் கழுவிக்கொண்டு வெளியே போனாள். நானும் பின்னால் போனேன்.

இவர் இறங்கினார். முகச் சவரம் செய்து, ஹோட்டல் அறையில் தேய்த்த சட்டை போட்டிருந்தார். களைப்பாகத்தான் இருந்தார், அதை மறுக்கமாட்டேன். மகள் கழுத்தைப் பார்த்தார், உடனே வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

"என்ன பண்றது கண்ணு, அந்த டென்னசி சார்ஜர்ல ரொம்ப நேரம் போயிருச்சு. குளிருன்னா அப்படி ஒரு குளிரு. எவ்வளவோ முயற்சி பண்ணிப் பாத்தேன்..."

சொல்லிக்கொண்டே தொட்டியின் மூடியைத் திறந்தார். துலக்கிய குத்துவிளக்கு டெக்சாஸ் வெயிலில் கண்ணைக் கூச வைத்தது. அதை இரண்டு கையாலும் தூக்கினார்.

காவ்யா அவர் பேசி முடிக்கட்டும் என்று நின்றாள். முடித்ததும் பேசினாள். ஒரு ஆங்கில வாக்கியம்கூட இல்லை.

"பரவால்லப்பா. அத எறக்க வேணாம். எதிர்ல இருக்கற கட பின்னாடி ஒரு சார்ஜர் இருக்கு. ஃபுல்லாப் போட்டுக்கிட்டுக் கெளம்புங்க."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். பிரவீன் அவளுக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

இவர் விளக்கைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். ஏதாவது சொல்லிச் சமாளித்து உள்ளே கூட்டிக்கொண்டு போவேன் என்று எதிர்பார்த்தார். இத்தனை வருஷமும் நான் அதைத்தான் செய்திருக்கிறேன். உள்ளே பாயசம் பரிமாற ஆரம்பித்திருந்தார்கள். நான் போய் மலர்விழி பக்கத்தில், என் இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டேன்.